கடைசிக் கட்டம்

— ஏழு படிவம், ஏழு கையெழுத்துதான்க்கா. நம்ம அப்பா செத்த வாரம் இந்த முதியோர் இல்லத்து வார்டு நர்ஸ் நீ. வேற யார்கிட்ட போய் நிப்பேன்?

— மெதுவா பேசு. உள்ள பெரியவங்க இப்பதான் கண்ணசந்திருக்காங்க. என்ன படிவம்?

— சாவுக்கான காரணத்தைத் திருத்தற படிவம். டாக்டர் என்ன எழுதியிருக்காரு பாரு, இதயம் நின்றதுன்னு. செத்தா யாருக்குத்தான் நிக்காது? லாரில அடிபட்டவனுக்கும்தான் நின்னுச்சு.

— அதைக் கண்டுபிடிக்கத்தான் உனக்குச் சம்பளமா?

— கண்டுபிடிக்கல்லாம் கூடாது. சாவுச் சீட்டுல முதல் வரியில என்ன நோய் இருக்கோ, எங்க புள்ளிவிவர ஆபீஸ்ல அதுக்குண்டான நம்பரைப் போடணும். அவ்வளவுதான் என் வேலை. போன வருஷம் நாடு முழுக்க வயித்து வைரஸ்ல செத்தவங்க எத்தனைன்னு மேல அனுப்பினேன் தெரியுமா? நாப்பத்தொண்ணு. இத்தனை கோடி பேர்ல! இங்க ஒரே வாரத்துல எத்தனை?

— ஆறு. அப்பாவோட சேத்து ஏழு.

— ஏழு சீட்டும் என் மேசைக்குத்தான் வந்துச்சு. ஏழுலயும் இதயம். அப்பா சீட்டுக்கும் நான்தான் நம்பர் போட்டேன். போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டம்ளர்லதான் அது நம்ம அப்பா பேருன்னு உறைச்சுது.

— எம்பத்தி மூணு வயசுடா அவருக்கு.

— எல்லாரும் இதையே சொல்றீங்க. நாப்பத்தொண்ணு பேருக்காக எவன் கூடுதலா ஒரு நர்ஸ் போடுவான்? மூணு நாளு வாந்தி, பேதி. நாக்கு காஞ்சு கட்டையாயிடுச்சு. நீதான துடைச்ச?

— துடைச்சேன். மறக்கல.

— அப்புறம் டாக்டர் ஏன் இப்படி எழுதினாரு?

— நான்தான் எழுதச் சொன்னேன்.

— நீயா? இல்லத்துக்குக் கெட்ட பேரு வந்துடும்னா? வேலை போயிடும்னா?

— வேலை கிடக்குது போ. அந்த வாரம் செவ்வாக்கிழமை நீ ஏன் ஆபீசுக்கு லீவு போட்ட?

— அது எதுக்கு இப்ப? வெளில தின்னது ஒத்துக்கல, விடியவிடிய வாந்தி. வீட்ல படுத்துக் கிடக்கறதுக்கு அப்பாவையாவது பாக்கலாம்னு வந்தேன். ஆரஞ்சு உரிச்சு ஒவ்வொரு சுளையா ஊட்டினேன். அவருக்கு என்னா சந்தோஷம்! என் பையன், என் பையன்னு வார்டு முழுக்கக் கொடுக்கச் சொன்னாரு. கட்டில் கட்டிலா நான்தான் உரிச்சு…

— என்ன, நிறுத்திட்ட?

— அக்கா…

— புதன்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி இந்த வார்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல.

— இதைச் சொல்லாமயே இருந்துட்டியேக்கா.

— சொல்லி? நீ வாசல்ல வரும்போதே மூஞ்சி வெளிறிக் கிடந்துச்சு. நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா? ஆறு மாசம் கழிச்சு வந்திருக்கானே, திருப்பி அனுப்பினா அடுத்து எப்ப வருவானோன்னு உள்ள விட்டேன்.

— படிவத்தைக் குடுத்துடுக்கா. வேணாம்.

— கொண்டு வந்துட்ட இல்ல, இரு. இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கியே, நோய் யார் மூலம் வந்ததுன்னு. அதுல ரெண்டு பேர் எழுத இடமிருக்கான்னு பாரு.