டேனியின் எடைக்குக் கிடைத்த கம்பளி

— அந்தக் கம்பளிய மொதல்ல குடுங்க மிஸ்.

— அவசரத்தப் பாரு! நாலு மாடி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்கிக்கறேன் நோரா. லிவர்பூல் முழுக்கத் தேடினாலும் இப்படிக் கனமான கம்பளி கிடைக்காது. நம்ம தாய்-சேய் நிலையத்துல வாராவாரம் விடாம எடை ஏறினது உன் டேனி ஒருத்தன்தான். முதல் பரிசு!

— சரி மிஸ். குடுங்க.

— இந்தா. வியாழக்கிழமை பரிசு குடுக்கறப்போ ஏன் வரல? மேயரோட சம்சாரம் கையாலயே வாங்கியிருக்கலாம்.

— வர முடியல.

— எங்க என் தங்கக்கட்டி? தூங்குறானா?

— அவனத் தூக்காதீங்க. கோச்சுக்காதீங்க மிஸ், ஒண்ணு சொல்லணும். அவன் எடை ஏறவேயில்ல.

— என்ன உளர்ற? தராசுல நானே பாத்தேனே.

— குளிருதுன்னு துணியோடதான எடை போட்டீங்க. வயித்துல சுத்துற துணிக்குள்ள ஈயத்துண்டு வச்சுத் தச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துலேர்ந்து பொறுக்கியாந்தது. வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமா கூட்டினேன்.

— அடிப்பாவி! ஏன்டி?

— கீழ்வீட்டு பிரிட்ஜட்டோட கொழந்த எளச்சிடுச்சுன்னு அவள எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டீங்களே. எனக்குப் பாலே ஊறல மிஸ். அவருக்கு வேல போனதுலேர்ந்து எனக்கு வெறும் டீத்தண்ணியும் காஞ்ச ரொட்டியுந்தான். அந்தக் கேள்விய எங்கிட்டயும் கேட்டுட்டா எப்படி மிஸ் தாங்குவேன்?

— திட்டினேன்தான். அப்புறம் உள்ள கூப்பிட்டு என்ன குடுத்தேன்னு அவ சொல்லலியா?

— என்ன குடுத்தீங்க?

— பால். எடை குறையிற குழந்தைக்கெல்லாம் தினமும் பால் சும்மாவே குடுக்கறோம், நோரா.

— பாலா? அவ மூச்சே விடலியே மிஸ்.

— தர்மத்துக்கு வாங்கறான்னு தெருவே பேசுமேன்னு மறைச்சிருப்பா. நான் மட்டும் என்ன யோக்கியம்? தராசு முள்ளத்தான் பாத்தேன், புள்ள மொகத்தப் பாக்கலியே. கடவுளே! சரி, எழுந்திரு. சால்வையப் போத்திக்கோ. இன்னிக்கே பால் வாங்கிடலாம். வாடா ராஜா, நான் தூக்கிக்கறேன்... நோரா, இவன் ஏன் இப்படிச் சில்லுனு இருக்கான்?

— விடியறப்பவே போயிட்டான் மிஸ். பொதைக்கறப்போ சுத்தறதுக்கு நல்ல துணி ஒண்ணுமில்ல, அதான் கம்பளியக் கேட்டேன்.