ஃபெரெட்டின் தலை

பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"என்ர மனுசன்ர கவச காரின்ர தலையை நான் வக்கூம் கிளீனரால இழுத்துப் போட்டன்."

"என்ன காரடி?"

"ஃபெரெட் எண்டு, பிரிட்டிஷ் ஆமியின்ர வேவுக் கார். உள்ளங்கையளவு மொடல். எட்டு மாசமாய்ச் செய்தவர். கண்காட்சிக்குப் போற அண்டு காலமை, தலை மாதிரி மேல வச்ச துவக்குக் கூட்டைக் காணேல்லை. முதல்நாள் நான் தூசி எடுக்கேக்க உள்ள போட்டுது."

"கடவுளே. பேந்து?"

"அவற்ற புத்தகத்தைப் புரட்டினன். முதல் வந்த வகைக்குக் கூடே இல்லை, மேல் பக்கம் திறந்தபடிதான். மொடலின்ர பேர்ச் சீட்டில 'மார்க் இரண்டு' எண்டு இருந்ததை 'மார்க் ஒண்டு' எண்டு மாத்தி, பெட்டிக்குள்ள வச்சு மூடிக் குடுத்திட்டன்."

"அண்ணை கண்டுபிடிச்சவரோ?"

"அங்க மேசையில எடுத்து வைக்கேக்கதான். முகம் கறுத்துப்போச்சு. அதுக்குள்ள நடுவர் வந்து, குனிஞ்சு, உள்ளுக்க லைட் அடிச்சுப் பாத்தார். குட்டி சீற், ஸ்டியரிங், ஒரு தேத்தண்ணிக் கோப்பை. கூடு இருந்திருந்தா ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம். முதல் பரிசு தந்திட்டினம்."

மற்றவர் சிரித்துக்கொண்டே இறங்குவதற்கு மணியடித்தார்.

"இப்ப என்ன செய்யிறார்?"

"ஆமி வெள்ளோட்டம் பாத்துக் கைவிட்ட ஃபெரெட் வகை ஒண்டு. மேல கூடும் வச்சு நேற்று முடிச்சிட்டு, வக்கூமை அவரே கொண்டந்து என்ர கையில தந்தவர்."