பின்கதவுப் பூட்டு

தங்கை: அக்கா, போயிட்டான். உன் அசீரியா ராஜா போயிட்டான்.

அக்கா: மூச்சு வாங்காம சொல்லுடி. யாரு, சூப்பர்வைசரா?

தங்கை: அவனேதான். கம்பெனி மேலிடத்திலேருந்து ரெண்டு பேர் திடீர்னு வந்து இறங்கினாங்க. நேரா தையல் கூடத்துப் பின்கதவுக்குப் போனாங்க. மறுபடியும் புதுப் பூட்டு தொங்குது...

அக்கா: புகை வந்த அன்னைக்கு நாங்க நாப்பது பேர் தட்டின கதவு.

தங்கை: அதைத்தான் கேட்டாங்க. அன்னைக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சு, பொம்பளைங்க வீணாப் பதறிட்டாங்கன்னான். நீ மூச்சு முட்டுதுன்னு வீட்ல கிடக்கிறது நாடகமாம்.

அக்கா: சொல்லுவான். ரெண்டு மாசமா அதையேதானே சொல்றான்... அப்புறம்?

தங்கை: அவங்கள்ல ஒருத்தர் பையிலேருந்து ஒரு பழைய பூட்டை எடுத்து மேஜை மேல வெச்சார். உடைஞ்ச பூட்டு. மேலெல்லாம் கரி. இவன் முகத்தைப் பார்க்கணுமே... பத்து நிமிஷத்துல சாவிக்கொத்தைக் கொடுத்துட்டு நடையைக் கட்டிட்டான்.

அக்கா: கர்த்தரே... வேதத்துல அப்படித்தாண்டி இருக்கு. கோட்டையைச் சுத்தி நின்னு எகத்தாளம் பேசின அசீரியா ராஜா, ஒரு அம்புகூட விடாம ஊருக்குத் திரும்புவான்னு தீர்க்கதரிசி முன்னாடியே சொல்லிட்டாரு. படையைச் சாய்க்க ஒரு தூதன் போதும்.

தங்கை: அந்தத் தூதனுக்குக் கைகால் உதறுமாக்கா?

அக்கா: என்னடி கேள்வி இது?

தங்கை: இல்ல... அன்னைக்கு வெளியிலேருந்து இரும்புக் கம்பியால பூட்டை உடைச்சது நான்தான். உன் இருமல் சத்தம் கேட்டுச்சு. உடைச்ச பூட்டை முந்தானையில சுருட்டிட்டு வந்துட்டேன்.

அக்கா: ம்.

தங்கை: அவன் அதைத் தேடித் திரிஞ்சான். ரெண்டு பேர் வேலையும் போயிடும்னு பயந்து உன்கிட்டகூட மூச்சு விடல. நீ தினம் விடியக்காலை அந்த அதிகாரத்தைப் படிப்பியே... போர்வைக்குள்ள கேட்டுக்கிட்டே கிடப்பேன். போன வாரம்தான் துணிஞ்சு அந்தப் பூட்டை மேலிடத்துக்கு அனுப்பினேன். கோவமா... என்னக்கா, சிரிக்கிறே?

அக்கா: பெட்டியில உன் புடவைங்களுக்கு அடியில அந்தப் பூட்டை அன்னைக்கே பார்த்துட்டேண்டி. எனக்கு அந்த அதிகாரம் மனப்பாடம்... யாருக்காக அவ்வளவு சத்தமா படிச்சேன்னு நெனச்சே?