தம்பியோடு நடந்த ஆறு நிமிஷம்

இருங்க, இருங்க... சாப்பாட்டு வாசனை எனக்கும்தான் வருது! பந்திக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை. கேட்டுட்டுப் போங்க.

நாகர்கோவில் பக்கம் அண்ணன் தம்பி ரெண்டு பேர். பெரியவன் செல்வினுக்குப் பத்து வயசு, சின்னவன் ஜெபினுக்கு ஏழு. ரெண்டு பேருக்குமே தசைச்சிதைவு நோய். தசை கொஞ்சம் கொஞ்சமா பலம் இழந்து, ஒருநாள் நடையே நின்னு போகும். ஒரு ஆஸ்பத்திரியில இதுக்குப் புது மருந்து ஆராய்ச்சி நடக்குதுன்னு கேள்விப்பட்டு, அவங்க அம்மா கிளாடிஸ் ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஓடுறாங்க. அங்க எப்படி அளப்பாங்க தெரியுமா? நீளமா ஒரு வராண்டா. ஆறு நிமிஷம் நடக்கணும். வயசுக்குத் தக்க தூரம் நடந்தாத்தான் ஆராய்ச்சியில இடம்!

ஒவ்வொருத்தரா நடக்க விடணும், அதான் முறை. ஆனா சின்னவன், தனியா நடக்க மாட்டேன்னு ஒரே அழுகை. பிசியோதெரபிஸ்ட் பிரேமா வேலைக்குப் புதுசு. "சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே நடங்கடா செல்லங்களா"ன்னுட்டாங்க. பாவம், இளகின மனசு!

நடந்தாங்க... நேரம் முடிஞ்சுது. சின்னவன் பாஸ். பெரியவனுக்குத் தூரம் பத்தல.

டாக்டர் சொல்றார், "மன்னிச்சிடுங்கம்மா... பெரியவனைச் சேர்க்க முடியாது."

"ஐயோ சார், வீட்ல நல்லா நடப்பான் சார்!"

"எல்லா அம்மாவும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்? பிரேமாவுக்கு மனசு கேக்கல. பையன் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க.

"கால் வலிச்சுதா மக்ளே?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் அவ்வளவு மெதுவா நடந்த?"

அவன் தம்பிக்குக் கேக்காம மெதுவா சொல்றான், "நான் முன்னாடி போனா அவன் ஓடி வருவான்க்கா... ஓடினா விழுந்திருவான்."

அட என் தங்கமே! இதை எந்த மீட்டர்லய்யா அளப்பீங்க?

பிரேமா நேரா டாக்டர்கிட்ட போனாங்க. "சேர்த்து நடக்க விட்டது என் தப்பு சார்."

டாக்டரும் நல்ல மனுஷன். "அப்போ இந்த அளவு செல்லாது. இன்னொரு நாள் தனித்தனியா நடக்கட்டும்"னார். அந்த நாளும் வந்துச்சு. செல்வின் நகர மாட்டேங்கிறான்! "தம்பி எங்க?"ங்கிறான். "அம்மா மடியில உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்கான், நீ போ ராசா"ன்னாங்க பிரேமா. அப்புறம் நடந்தான் பாருங்க... விறுவிறுன்னு நடந்தான்! இடமும் கிடைச்சுது. மருந்து கேக்குமா கேக்காதான்னு இனிமேதான் தெரியும். நல்லபடியா கேக்கணும்னு நாமளும் வேண்டிக்குவோம்.

பெத்தவங்களே, வாத்தியாரம்மாக்களே... அளக்க வேண்டாம்னு நான் சொல்லல. நல்லா அளங்க! ஆனா மார்க் குறைஞ்ச உடனே "நீ உருப்பட மாட்டே"ன்னு கத்துறீங்களே... "ஏன் பின்தங்கினே?"ன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டிருக்கீங்களா? அந்தப் புள்ள யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சோ... உங்களுக்குத் தெரியுமா?