குதிரைவீரனைக் கழுவிய கை

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, மறைந்த நம் காப்பாளரோடு குழிகளில் இறங்கி மண் சலித்த தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் துணைவியார், நம் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் அருங்காட்சியகக் காப்பாளரை 'தெரியாது டாக்டர்' என்று கேலி செய்வோமே, நினைவிருக்கிறதா? எந்தப் பழம்பொருளை நீட்டினாலும் முதலில் "தெரியாது" என்பார்! அந்த ஒரு சொல்லை அவர் வாயால் இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நம் அகழாய்வு மேட்டைத் திருடர்கள் சூறையாடினார்கள். திருடன் பொருளை மட்டுமா எடுக்கிறான்? அது எந்த வீட்டில், எந்த அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியையும் அல்லவா அள்ளிக்கொண்டு போகிறான்! பிடிபட்ட சாக்கில் ஒரு சுடுமண் குதிரைவீரன் இருந்தான். கூடவே, அவர்கள் விற்பதற்காகச் செய்துவைத்த போலிப் பொம்மைகளும் கிடந்தன. இவன் அசலா, போலியா? அவன் வயிற்றுக்குள் அடைந்திருந்த மண் மட்டுமே சொல்லியிருக்கும். அதை யாரோ சுத்தமாகக் கழுவிவிட்டார்கள்.

"அசல்னு எழுதிக் குடுங்க சார், கூட்டம் அள்ளும்" என்றது மேலிடம். குதிரைப்படை ஆண்ட நகரம் என்று பத்திரிகைகள் அளந்தன. அவர் அசைந்தாரா? "எனக்குத் தெரியாதே" என்றார். பெயர்ப்பலகையிலும் 'தெரியாது' என்றே எழுதினார். அறிக்கையில், 'கழுவியது நான்' என்று கையெழுத்திட்டார். வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று.

நண்பர்களே, கழுவியது அவரில்லை. அகழாய்வுப் புகைப்படக்காரனான நான். படம் பளிச்சென்று வரட்டுமென்று வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன்.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அழுக்குன்னா நெனச்ச? அவன் விலாசத்தையே கழுவிட்டியேப்பா!"

"நானே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"புள்ளகுட்டிக்காரன், வேலை போயிடும். வாயை மூடிக்கிட்டு படத்தை எடு."

மூடிக்கொண்டேன். பத்தொன்பது ஆண்டுகள்! அவர் இருக்கும்போதே திறந்திருக்கக் கூடாதா?

ஐயா, உங்கள் சல்லடை ஓயாது. உண்மை தெரியும்வரை அந்தப் பலகையை எவரும் மாற்ற விடமாட்டோம். ஆனால் அறிக்கையில் அந்த ஒரு வரி மாறும். திருத்தக் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தலைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அண்ணி, அந்தப் பொம்மையைக் கழுவியதற்காக, "கை சும்மா இருக்காதா உங்களுக்கு?" என்று அவரை எத்தனை முறை கடிந்துகொண்டீர்கள்! அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாராமே. அவர் கை சும்மாதான் இருந்தது, அண்ணி. கழுவிய கை இதோ, இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறது.