பூசணிக்காய் உடைத்தால் விற்பனை ஆகிவிடுமா?

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, அலங்கார நாற்காலியில் அமர்ந்து, இவன் என்ன பேசப்போகிறானோ என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவன அதிபர் பசுபதி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! திருவாதவூர் வயல்களைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, வீட்டு வேலையைத் தாண்டி வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்ட புத்திசாலித் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் பசுமலை ஆடிட்டர் ஆரோக்கியநாதனின் பணிவான வணக்கம்.

ஆண்டு விழாவில் ஆடிட்டரைப் பேச விடுவது ஆபத்து. பாட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தால் பாடிவிட்டுப் போயிருப்பார். பட்டிமன்றக்காரரைக் கூப்பிட்டிருந்தால் சிரிக்கவைத்துவிட்டுப் போயிருப்பார். என்னைக் கூப்பிட்டீர்கள், கணக்குக் கேட்காமல் போகமாட்டேன். அண்ணே, அதுக்குள்ள கைதட்டாதீங்க. யார்கிட்ட கேக்கப்போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தட்டுங்க.

இந்தத் தொழிற்கூடத்தில் நீங்கள் செய்வது என்ன? கைப்பேசிக்குள்ளும் காருக்குள்ளும் இருக்கிறதே சிப், அது வேஃபர் என்கிற மெல்லிய வட்டத் தகட்டில் உருவாகிறது. அந்தத் தகட்டைத் தூசு தும்பு இல்லாமல் கழுவித் தருகிற மெஷினைக் கட்டுகிறவர்கள் நீங்கள். கண்ணுக்கே தெரியாத தூசி ஒன்று ஒட்டினாலும் சிப் வீண். ஆடிக்காற்றில் மாட்டுத்தாவணி வரை புழுதி பறக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தூசியே ஆகாத தொழிலுக்கு மெஷின் செய்கிறீர்களே, இதைத் திறமை என்பேனா? துணிச்சல் என்பேனா? திமிர் என்பேனா? மூன்றும் கலந்த மதுரைக் குணம் என்பேன்!

முன்பெல்லாம் இங்கே பம்புதான் செய்தார்கள். பம்பு லாரியில் ஏறும். கேட்டில் சூடம் கொளுத்துவார்கள். அதிபர் தன் கையாலேயே பூசணிக்காய் உடைப்பார். லாரி கிளம்பும். அன்றைக்கே அதை விற்பனை என்று எழுதிவிடுவார்கள். பம்புக்கு அது சரி. கேட்டைத் தாண்டினால் வாங்கியவர் பொறுப்பு என்றுதான் அப்போது பேச்சு. ஆனால் அதிபர் மனசில் பூசணிக்காய்க்கும் வருமானத்துக்கும் ஒரு பந்தம் விழுந்துபோனது. சார், கோவிச்சுக்காதீங்க. உண்மையைத்தான் சொல்றேன்.

இந்த மார்ச் மாதக் கடைசியில், முதல் பெரிய மெஷின் குஜராத்தில் ஒரு சிப் ஆலைக்குக் கிளம்பியது. பூசணிக்காய் உடைந்தது. குங்குமம் அப்பிய கையோடு அதிபர் உங்களைப் பார்த்து, இந்த மெஷின் விற்ற சந்தோஷத்துக்கு எல்லாருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றார். சொன்னாரா, இல்லையா? என்ன, சத்தத்தையே காணோம்? சரி, இப்போது கேட்கிறது. சொன்னார். மெஷின் பாகங்களைப் பூட்டும் அசெம்பிளிப் பிரிவில் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வி அன்றைக்கே அந்தப் பணத்தை மகளின் நர்சிங் படிப்புக்கென்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டார்.

மறுநாள், கணக்குப் பிரிவைக் கவனிக்கும் மாதங்கி அம்மா அதிபர் அறைக்குள் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மார்ச்சோடு முடிகிற இந்தக் கணக்கு வருஷத்தில் இதை விற்பனையாக எழுத முடியாது என்றார். ஒப்பந்தப்படி மெஷினை ஆலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்கள் தங்கள் தகட்டைப் போட்டுக் கழுவிப் பார்ப்பார்கள். சுத்தம் திருப்தி என்றால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். அதிபருக்குச் சுருக்கென்றது.

"மாதங்கி, லாரி போயிருச்சும்மா. பூசணிக்காயே உடைச்சாச்சு."

"பூசணிக்காயை நாம உடைச்சோம் சார். கையெழுத்தை அவங்கதான் போடணும்."

நான் காப்பாற்றுவேன் என்று அதிபர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

விடுவாரா? பாதி விலையை முன்பணமாகவே வாங்கியாச்சே, அதுகூடவா வருமானம் இல்லை என்றார். தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? முன்பணம் என்பது கொடுத்தவருக்கு நாம் பட்ட கடன். வேலையை முடித்துக் கொடுத்தால் வருமானம். முடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். இன்னொன்றும் கேளுங்கள். அந்த விலைக்குள்ளேயே இரண்டு வருஷச் சர்வீஸும் அடக்கம். மெஷினுக்குக் கையெழுத்து விழுந்தாலும், சர்வீஸுக்கு உரிய பங்கை மொத்தமாக அள்ளி எழுத முடியாது. மாதம் பிறக்கப் பிறக்க, வேலை நடக்க நடக்க, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுத வேண்டும். இம்புட்டையும் மாதங்கி அம்மா குரலை உயர்த்தாமல் சொல்லிமுடித்தார். அதிபரும் கடைசியில், வேண்டா வெறுப்பாகத்தான், ஒப்புக்கொண்டார்.

ஆனால் கூடவே ஒரு வெடியைப் போட்டார். விற்பனையே இல்லையாம், அப்புறம் எதற்குப் போனஸ் என்றார்.

அவ்வளவுதான். அதிபர் மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் மாதங்கி அம்மா மேல் திரும்பியது. மறுக்காதீர்கள், எனக்குத் தெரியும். அவர் வந்தால் பேச்சு நின்றது. கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் தமிழ்ச்செல்வி கேட்டேவிட்டார்: "ஒங்க பேனா அன்னைக்கு ஒரு வரி எழுதியிருந்தா எம்புள்ள ஃபீஸுக்கு வழி பொறந்திருக்கும்ல?" மாதங்கி அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனாராம். தமிழ்ச்செல்வி கேட்டதும் நியாயம், மாதங்கி அம்மா செய்ததும் நியாயம். இரண்டு நியாயத்தையும் மோதவிட்டு அதிபர் வேடிக்கை பார்த்தார்.

பிறகு என்ன ஆனது? மெஷின் பழுதாகித் திரும்பி வந்ததா? இல்லை! முதல் ஓட்டத்திலேயே தேறியது. உங்கள் கைவண்ணம் அப்படி. ஜூன் மாதம் கையெழுத்தும் விழுந்தது. உடனே சிலர், அப்போ மார்ச்சிலேயே எழுதியிருக்கலாமே என்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே பாஸாயிட்டேன் என்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவன், பிறகு நிஜமாகவே பாஸானாலும், அன்றைக்குத் தெரியாததைத்தானே தெரிந்த மாதிரி சொன்னான்? வங்கி நம் கணக்கை நம்பிக் கடன் தருகிறது. பங்கு வாங்கியவர் நம் கணக்கை நம்பிக் காசு போடுகிறார். அவர்களிடம் ஆசையைக் காட்டலாமா? நடந்ததைத்தான் காட்ட வேண்டும்.

இப்போது கணக்குக் கேட்கும் நேரம். யாரது, "அண்ணே, சோறு ஆறுது"ங்கிறது? மாப்ள, அஞ்சு நிமிஷம் பொறு. இது உன் சம்பளச் சமாச்சாரம்.

கையெழுத்து வந்ததும் போனஸ் வரும் என்று காத்திருந்தீர்கள். அது போன வருஷத்துப் பேச்சு, போன வருஷத்தோடு போச்சு என்றார் அதிபர். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் போனஸுக்காக அவரிடம் போய் நின்றது யார்? சங்கத் தலைவரா? நானா? நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத இந்த மாதங்கி அம்மாதான். போய்க் கேட்டார், பார்ப்போம் என்றார் அதிபர். திரும்பவும் போய்க் கேட்டார். திரும்பவும் பார்ப்போம் என்றார்.

ஆடிட்டர் போனஸ் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு கணக்குச் சந்தேகம், அவ்வளவுதான். மார்ச்சில் எழுதக் கூடாத வருமானம் ஜூனுக்கு வந்ததே, மார்ச்சில் கொடுத்த வாக்கு மட்டும் ஜூனுக்கு வராதா? விற்பனை எந்த வருஷமோ, அந்த விற்பனைக்கான செலவும் அந்த வருஷம்தானே? வருமானத்தை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வாக்கைப் பழைய வருஷத்திலேயே இறக்கிவிட்டு வருவது எந்த ஊர்க் கணக்கு? மெஷின் விற்றால் தருவேன் என்றீர்கள். மெஷின் விற்றுவிட்டது! விற்றது என்று உங்கள் கணக்கே சொல்கிறது! இவர்கள் கையால் கட்டிய மெஷின், இவர்கள் கண்ணெதிரே நீங்கள் கொடுத்த வாக்கு, இனி எதற்காகக் காத்திருக்கிறீர்கள் சார்?

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? என் காதில் வேண்டாம். காதில் சொன்னால் தகவல். மைக்கில் சொன்னால்தான் பொறுப்பு. இந்தாங்க.

"இந்த மாசச் சம்பளத்தோட சேத்துத் தந்துர்றேன். போதுமாய்யா?"

போதும் சார், தாராளமாகப் போதும். மாதங்கி அம்மா, இன்றைய தேதியிலேயே இதைச் செலவாக எழுதிவிடுங்கள். தமிழ்ச்செல்வி, மகளுக்கு ஃபீஸ் கட்டுங்கள். கட்டிவிட்டு, நாளைக்குக் கேன்டீனில் மாதங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் வருவார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்தும் நாற்காலியை விட்டு ஓடாத அதிபருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வாரேன், வணக்கம்.