இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

— பொறுமைக்கா?

— ஆமா. "என் மனைவியின் பொறுமைக்கு நன்றி." ஏற்புரையோட கடைசி வரி. ஏன், நல்லா இல்லையா?

— நல்லாத்தான் இருக்கு. எனக்கு முன்னாடி யார் யாரெல்லாம் வர்றாங்க?

— முதல்ல துணைவேந்தர். அப்புறம் விருதுக் குழு. அப்புறம் என்னோட முப்பத்தெட்டு ஆராய்ச்சி மாணவர்கள். அப்புறம் ரெண்டாவது மாடி காபி மெஷின்.

— காபி மெஷினுக்குப் பின்னாடியா நான்?

— அது ஜோக்கும்மா. உரையில ஒரு ஜோக் இருக்கணும்னு குழுவுல சொன்னாங்க.

— அப்ப நான்?

— நீ உணர்ச்சி. முடிவுல கொஞ்சம் உணர்ச்சி வரணும்னும் சொன்னாங்க.

— கழுத்தைக் காட்டுங்க. டை கோணலா இருக்கு. கார் எத்தனை மணிக்கு வருது?

— பத்துக்கு. இன்னும் அரை மணி இருக்கு. அறிமுக உரை அனுப்பியிருக்காங்க, கேளேன். "வாழ்நாள் சாதனை விருது பெறும் பேராசிரியர், கணிதத்துக்கும் கணினிக்கும் இடையே பாலம் கட்டியவர்..."

— பாலமா? போன வாரம் பிரிண்டர் செத்துப் போச்சுன்னு ஆளை வரவழைச்சீங்க. அவர் வந்து பிளக்கை மாட்டிட்டுப் போனார்.

— நான் கணினியை மேல்மட்டத்துல பார்க்கிறவன்.

— பிளக்கு கீழதான் இருந்துச்சு.

— கேளு... "இவருடைய முறை இல்லையென்றால் இன்று அணைகள் இல்லை, விமானங்கள் இல்லை..."

— இதை எழுதினவர் உங்க கட்டுரையைப் படிச்சிருக்காரா?

— அதை யார் படிச்சா? பதினோராயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. ஒருத்தராவது படிச்சிருந்தா...

— படிச்சிருந்தா?

— ஒண்ணுமில்ல. இறுக்காதே, மூச்சு முட்டுது.

— அந்த மாணவர் படிச்சிருக்கார் போலிருக்கே. பதில் போட்டீங்களா?

— எந்த மாணவர்?

— மூணு நாளா மெயில் போடுறாரே. திங்கக்கிழமை நான்தானே உங்களுக்குத் திறந்து காட்டினேன். "மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, தங்கள் கட்டுரையில் உள்ள முறையை ஓர் எழுத்தும் மாற்றாமல் கணினியில் ஓட்டினேன். பத்துச் சுற்றுக்குள் எண்கள் எல்லை மீறிப் போகின்றன. ஆனால் தங்கள் பழைய நிரலை ஓட்டினால் மட்டும் விடை சரியாக வருகிறது. ஏன்?"

— ஒரு வரி விடாம மனப்பாடமா சொல்றே?

— சின்னக் கடிதம்தானே. பதில் போட்டீங்களா?

— இல்ல. விழா முடியட்டும். பையன் எங்கேயாவது தப்புப் பண்ணியிருப்பான்.

— பையன்னு யார் சொன்னா? கையெழுத்துப் போட்ட இடத்துல வெறும் "மாணவர்"னுதானே இருந்துச்சு.

— பொதுவா சொன்னேன்.

— நேத்து சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தை விரலால தட்டிக்கிட்டிருந்தீங்களே...

— அதுவா... விருதுக் குழுவுக்கு. மேடையில எனக்கு எத்தனை நிமிஷம்னு கேட்டிருந்தாங்க.

— அதுக்கு ஒரு மணி நேரமா?

— ரெண்டு வரி அடிச்சேன்.

— சரி. அந்த மாணவர் இன்னைக்குக் கூட்டத்துல வந்து உட்கார்ந்திருந்தா? கேள்வி நேரம் உண்டுன்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு.

— வருவானா?

— வந்து எழுந்து நின்னா? முன் வரிசையில துணைவேந்தர், பின்னாடி உங்க முப்பத்தெட்டு பேர்...

— அவங்கள்ல யாராவது சமாளிப்பாங்க.

— எப்படிச் சமாளிப்பாங்க? அவங்க எழுதின நிரலையெல்லாம் சமையலறை மேஜையில உட்கார்ந்து யார் திருத்தினா? காய்கறி நறுக்கின கையோட?

— அதுக்குத்தானே பொறுமைன்னு...

— ஒரே துறையில புருஷனும் பொண்டாட்டியும் வேலை பார்க்கக் கூடாதுன்னு விதி இருந்துச்சு. யாராவது ஒருத்தர் விலகணும். நான் விலகினேன். கணினி மையத்துல இருந்த வரைக்கும் எனக்கு ஆபரேட்டர்னு ஒரு பேராவது இருந்துச்சு.

— கட்டுரையில உனக்கு நன்றி போட்டேனே.

— "கணினி மைய ஊழியர்களுக்கு நன்றி." ஊழியர்கள்னு பன்மை வேற. மொத்தமே நான் ஒருத்திதான் இருந்தேன்.

— உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— அந்தப் பழைய நிரலை நீ துளை போட்டு ஏத்தின நானூறு அட்டையில... இருநூத்திப் பன்னிரண்டாவது அட்டை. நீ மாத்தினியா?

— ... நீங்க முதல்ல சொல்லுங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?

— அப்ப மாத்தினே.

— மாத்தினேன். நீங்க ரெண்டு பட்டியல் போடச் சொல்லி எழுதியிருந்தீங்க. போன சுத்து விடையெல்லாம் ஒண்ணுல, இந்தச் சுத்து விடையெல்லாம் இன்னொண்ணுல. அந்த மெஷின்ல ரெண்டுக்கும் இடமில்ல. நீங்க மாநாட்டுக்குப் போயிட்டீங்க. மறுநாள் காலையில விடை வேணும். நான் ஒரே பட்டியல் வச்சேன். புது விடை வர வர, பழசு மேலேயே எழுதிக்கிட்டுப் போற மாதிரி.

— அதனால ஒவ்வொரு கணக்கும் பக்கத்துல அப்பத்தான் வந்த புது விடையை எடுத்துக்கிச்சு. அதுதான் எண்களைப் பிடிச்சு நிறுத்துச்சு. என் ரெண்டு பட்டியலை வச்சிருந்தா...

— எல்லை மீறிப் போயிருக்கும். மாணவர் சொன்ன மாதிரி.

— அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?

— சொல்லத்தான் வந்தேன். நீங்க விடைத்தாளைப் பிடிச்சுக்கிட்டு வராந்தாவுல குதிச்சுக்கிட்டிருந்தீங்க. குதிச்ச வேகத்துலேயே கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்க. விடை உங்க முறையில வந்ததில்லைன்னு சொன்னா, கேட்டதையும் சேர்த்து வாபஸ் வாங்கிடுவீங்களோன்னு பயம்.

— சே. நான் அப்படிப்பட்டவனா?

— இருபத்திமூணு வயசுல எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க, அதைச் சொல்லுங்க.

— பெரிய மெஷின் வந்தப்ப. இடம் தாராளம். நானே ரெண்டு பட்டியல் வச்சு ஓட்டிப் பார்த்தேன். மூணு நாள் ஓட்டினேன், மூணு நாளும் குப்பை. கடைசியில பழைய அட்டைக் கட்டைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்.

— சின்னவன் பிறந்த வருஷம். நாப்பது ஆகுது.

— மெஷின் கோளாறுன்னு அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

— அதை நம்பி அந்த மெஷினையே வித்துட்டாங்க.

— நல்ல மெஷின்.

— அப்புறம் யார் வந்து நிரல் கேட்டாலும், "ஒரு அட்டையைக் கூடத் தொடாம அப்படியே ஓட்டுங்க"ன்னு சொல்லிக் கொடுத்தீங்க. அப்பவே புரிஞ்சுது, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு.

— தெரிஞ்சுமா நாப்பது வருஷம் கேக்காம இருந்தே?

— நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு விருதுக்கும் நினைப்பேன், இந்தத் தடவை சொல்லிடுவார்னு. அலமாரியில கேடயம் வைக்க இடமில்ல. இன்னைக்கு வாழ்நாள் விருது. இதுக்கு மேல அவங்ககிட்ட கொடுக்க ஒண்ணுமில்லைங்க.

— ... எனக்கு வெக்கமா இருக்கு.

— இருக்கட்டும்.

— இன்னைக்குச் சொல்லிடறேன். மேடையிலேயே. அந்த மாணவருக்கும் எழுதிடலாம். லேப்டாப்பைத் திற. நான் சொல்றேன், நீ அடி.

— நிஜமாவா? சொல்லுங்க...

— "அன்புள்ள மாணவருக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். இது உங்களுக்கு நான் எழுதும் முதல் பதில்."

— முதல் பதில்னு போடணுமா?

— போடு, அதுல ஒரு கௌரவம் இருக்கு. "பிழை நிரலில் இல்லை. என் கட்டுரையில் இருக்கிறது. முறையைச் சரி செய்தவர் என் மனைவி. என் பெயரால் வழங்கும் இந்த முறை, நியாயப்படி அவர் பெயரால் வழங்க வேண்டும்."

— மெதுவா... கண்ணு கலங்குது, எழுத்தே தெரியலை.

— அழாதேம்மா. மூணு நாளா இதேதான் மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தப் பையனுக்கு உண்மையை எப்படி எழுதறதுன்னு.

— மூணு நாளாவா?

— சத்தியமா. வேற எதுவும் எழுதக் கை வரலை.

— சரி. அனுப்பிடட்டுமா?

— இப்பவேவா? விழா முடிஞ்சு வந்து நிதானமா...

— நீங்க சொல்லிட்டீங்க, நான் அடிச்சிட்டேன். இன்னும் என்ன நிதானம்?

— ... சரி, அனுப்பு.

— அனுப்பிட்டேன்.

— அப்பாடா. மனசு லேசாயிடுச்சு. நாப்பது வருஷ பாரம்... என்ன அது, உன் கைப்பையில ஏதோ சத்தம்?

— மெயில் வந்திருக்கு. அந்த மாணவருக்குப் போறதெல்லாம் என் போனுக்குத்தாங்க வரும். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்த ரெண்டு வரியும் இதுலதான் இருக்கு: "பிழை நிரலில் இருக்கிறது. அதைத் தயாரித்தவர் கணிதம் அறியாத ஓர் ஆபரேட்டர், பொருட்படுத்த வேண்டாம்." கோட்டைப் போடுங்க, கார் வந்துடுச்சு... ரெண்டுல எதை மேடையில படிக்கிறதுன்னு போற வழியில சொல்லுங்க.